ஒரு ரூபாய்க்கு 456 காசு

திருவிதாங்கூர் சக்கரம் பார்த்திருக்கிறீர்களா? வண்டிச் சக்கரம் இல்லை, காசு. வெள்ளியில் அடித்தது. கொத்தமல்லி விதையை விடக் கொஞ்சம் பெரிது, எடை அரை கிராம் கூட வராது. கையில் வைத்துக்கொண்டு தும்மினால் போச்சு! நான் சேர்ப்பது இதையும் இதன் சொந்தக்காரர்களையும்தான்.

வெள்ளி நாணயம் என்றதும் சேகரிப்பவர்கள் பழைய ஜெர்மன் தாலரைத்தான் பேசுவார்கள். 16ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால் என்ற சுரங்க ஊரில் அடித்த பெரிய காசிலிருந்து வந்த பெயர் அது. இன்றைய டாலரும் அந்தப் பெயரின் பேரன்தான். வாங்க நம்ம பாக்கெட் மணி காணாது. ஆனால் நம் பக்கத்தில் வெள்ளிச் சுரங்கம் ஏது? மிளகு வாங்க வந்த ஐரோப்பியர்கள் கப்பலில் கொண்டுவந்து கொட்டியதும் வெள்ளிதான். 1741ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்த போருக்குப் பின்னாலும் இந்த மிளகுதான் இருந்தது. உருக்கின வெள்ளிக்கு ஊர் கிடையாது. என் சக்கரத்தில் தாலரின் துணுக்கு ஒன்று இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இனி கணக்கு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் 28 சக்கரமும் 8 காசும். பெருக்கிப் பாருங்கள், 456 காசு. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் அணா, பைசா. இந்தப் பக்கம் வந்தால் சக்கரம், காசு. இரண்டு பக்கமும் வியாபாரம் செய்தவர் பேரேடு எப்படி எழுதியிருப்பார்? பி.காம். படிக்கிற எனக்கே தலை சுற்றுகிறது.

இவ்வளவு பொடிக் காசை ஆயிரக்கணக்கில் எப்படி எண்ணினார்கள்? அதற்கென்றே ஒரு பலகை இருந்தது. வரிசை வரிசையாகக் குழிகள், ஒரு குழிக்கு ஒரு சக்கரம். ஒரு கை அள்ளிப் போட்டு ஆட்டி, மிச்சத்தை வழித்துவிட்டால் பலகை நிறைந்திருக்கும். எண்ணவே வேண்டாம். எனக்கு இந்த விஷயம் சக்கரத்தை விடவும் பிடிக்கும்.

பிற்காலத்தில் மிஷினில் அடித்த அரை ரூபாயில் சங்கு முத்திரையும் கொல்லம் ஆண்டும் இருக்கும். 824 கூட்டினால் ஆங்கில வருடம் கிடைத்துவிடும், சிங்கம் பிறந்து டிசம்பர் வரைக்கும் சரியாக வரும். 1112 என்று போட்ட காசு என்றால் 1936-37. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12, அதாவது அந்த 1112ல்தான். சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926ல் சத்தியாகிரகம் நடந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காசைப் பாருங்கள்.

அப்படி நாலு அரை ரூபாய் என் பெரியம்மையிடம் இருந்தது. ஒவ்வொன்றும் ஐந்து கிராமுக்குச் சற்று மேல். பேத்திக்குக் கொலுசு செய்ய அதை உருக்கக் கொடுக்கப் போனாள். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்த மாவட்டத்தில் எத்தனை டிரங்குப் பெட்டியில் இது நடக்கிறதோ! "செல்லாக் காசுக்கு இவ்வளவு பேச்சா மக்களே?" என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1949ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் 1ல் நாம் தமிழ்நாட்டுக்கு வந்தோம். காசு அடித்த அரசே இல்லை. கொலுசு காலில் கிடக்கும், குழந்தை நடந்தால் சத்தம் கேட்கும். காசு பெட்டியில் கிடந்து என்ன செய்யும்?

எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன். அதே எடைக்கு அன்றைய வெள்ளி விலையை நான் தருகிறேன், மூன்று தவணை. இரண்டு தவணை கட்டியாயிற்று, கொலுசும் வந்துவிட்டது :-)

நீங்கள் விற்பதாக இருந்தாலும் ஒரு உதவி செய்யுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். ஆண்டைப் படித்துவிட்டு அப்புறம் எடை போடுங்கள். யார் வீட்டு மச்சிலாவது குழிகள் நிறைந்த பழைய பலகை கிடந்தால், அடுப்பில் வைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை. தோவாளையோ கல்குளமோ, பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.