காதுக்குள் ஒரு வலம்புரி

திருச்செந்தூரிலிருந்து தெற்கே பஸ்ஸில் அரை மணி நேரம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பனையும் செம்மண் தேரியும். கோவைப் பக்கம் வளர்ந்தவனுக்கு அந்தச் சிவப்பே பெரிய அதிசயம். குலசேகரன்பட்டினத்தை இந்தப் பக்கத்தில் யாரும் முழுப்பெயர் சொல்லி அழைப்பதில்லை, குலசைதான். 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். இங்கிருந்து ஏவினால் இலங்கையைச் சுற்றி வளையாமல் ராக்கெட் நேராகத் தெற்கே போகலாம். அதுவரை இந்த ஊரின் பேரோசை முத்தாரம்மன் கோயில் தசரா ஒன்றுதான்.

குலசைக்கு வருமுன் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இறங்கியிருந்தேன். சங்கு குளிக்கிறவர்களின் கரை அது. முத்துக் குளித்தல் 1961-க்குப் பிறகு இங்கே நடக்கவில்லை. சங்குக் குளி இன்னும் உண்டு. படகின் நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், அத்தனை ஆழத்தில் காது தாங்குமா என்று கேட்டேன்.

“மூக்கப் புடிச்சி ஊதணும் அண்ணாச்சி. டப்புன்னு காது விடும். அப்பொறம் எறங்கலாம். சளி புடிச்சிருந்தா மட்டும் கடலுக்குப் போவாதீய.”

ஒரு மருத்துவப் பாடம் முழுவதையும் அவர் இரண்டு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். செவிப்பறை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய சவ்வு. அதற்குப் பின்னால் நடுக்காதில் இருப்பது வெறும் காற்று. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும். அடைபட்ட காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கும், சவ்வு உள்பக்கம் இழுபடும். இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் வலி உயிரை எடுக்கும். தப்பிக்க ஒரே வழி, நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறம் இறங்கும் ஒரு குறுகிய குழாய். மூக்கைப் பிடித்து ஊதினால் அதன் வழியே காற்று ஏறி அழுத்தத்தைச் சமன் செய்யும். சளி கட்டினால் அந்த வழி அடைத்துக்கொள்ளும். இந்த உத்திக்கு மருத்துவ நூல்கள் இத்தாலிய உடற்கூறு அறிஞர் வல்சல்வாவின் பெயரை வைத்திருக்கின்றன. 1704-இல் அவர் காதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அவருக்கு வெகு முன்பே காலில் கல்லைக் கட்டி இந்தக் கடலில் இறங்கிய குளியாட்களின் பெயரை யாரும் எதற்கும் வைக்கவில்லை.

பெரியவர் ஒரு சங்கை என் காதில் வைத்தார். கடல் இரைந்தது. அது கடலின் சத்தமில்லை. கரையில் இருக்கும் சந்தடியே சங்கின் வளைவுகளுக்குள் சுழன்று இரைச்சலாகத் திரும்புகிறது. ஆனால் அந்தச் சங்கைத் தொட்டுக்கொண்டிருந்த என் தலைக்குள், இன்னும் அதிசயமான சங்கு ஒன்று இருந்தது.

உட்காதில் பட்டாணி அளவில் எலும்பாலான ஒரு சுருள், இரண்டே முக்கால் சுற்று. நீட்டினால் 35 மில்லிமீட்டர்தான் வரும். உள்ளே நிறைந்திருப்பது உப்பு நீர். காற்றில் வரும் ஒலி நேரே தண்ணீரில் மோதினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும்; மிச்சம் திரும்பிவிடும். அதனால்தான் செவிப்பறைக்கும் சுருளுக்கும் நடுவே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். உடம்பின் மிகச் சிறிய எலும்பான அங்கவடி மூன்று மில்லிமீட்டர் உயரம். பெரிய சவ்வில் விழும் அதிர்வை ஒரு சின்னஞ்சிறு வாயிலில் குவித்து, அழுத்தத்தை ஏறக்குறைய இருபது மடங்காக்கி நீருக்குள் தள்ளுவது இந்த மூன்றும்தான்.

இரண்டு காதின் சுருள்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஒன்று இடம்புரி என்றால் மற்றது வலம்புரி. வலம்புரிச் சங்கு கிடைக்காதா என்று ஆயுள் முழுக்கக் கடலைத் துழாவியவர் ஒவ்வொருவரும் ஒன்றைத் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். “அத விக்க முடியாதுலா.”

குலசைக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது. காளி, குறவன், குரங்கு, போலீஸ் என வேஷம் கட்டிய செட்டுகள் தெருத் தெருவாக வந்துகொண்டிருந்தன. தாரை தப்பட்டை நெஞ்சுக்கூட்டில் அடித்தது. அந்தக் கனத்த அதிர்வு சுருளின் உச்சி வரை ஏறும். ஜால்ராவின் கீச்சு வாசலிலேயே நின்றுவிடும். எந்த ஒலி எந்த இடத்தில் அலையை எழுப்புகிறது என்று இறந்தவர்களின் காதுகளை நுண்ணோக்கியில் வைத்துக் கண்டவர் ஹங்கேரியில் பிறந்த பெக்கேஷி. அதற்கு நோபல் பரிசு கிடைத்ததும் 1961-இல்தான்.

அலை தொடும் இடத்தில் இருப்பவை மயிர்ச்செல்கள், ஒரு காதில் சுமார் 15,000. பறவைக்கு அவை அழிந்தாலும் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது. பெருஞ்சத்தம் வந்தால் அங்கவடியைப் பிடித்து இழுத்து அடக்க ஒரு துளித் தசை உண்டு. ஆனால் அது விழித்துக்கொள்வதற்குள் வேட்டுச் சத்தம் உள்ளே போய்விடுகிறது. முதலில் சாவது வாசல் பக்கச் செல்கள். அதனால் ஆளின் குரல் கேட்கும். ‘ச’வும் ‘த’வும் நழுவிப் பேச்சு புரியாது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபலில் கால் மணி நேரமே எல்லை என்பது தொழிற்சாலைகளுக்கான கணக்கு. தப்பட்டைக்குப் பக்கத்தில் நின்று ஆடுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கை யார் சொல்வது?

தசராவுக்கு வேஷம் கட்டிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள், மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் ஒரு ஜோடி வாங்கி அவர்கள் காதில் வைத்துவிடுங்கள், பஞ்சு போதாது. தப்பட்டை அப்போதும் நன்றாகவே கேட்கும்.