பாசிக்குடாவும் பழைய பற்றுகளும்

மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குப் போய், கல்குடாப் பக்கம் திரும்பினால் பாசிக்குடா வரும். அலை அடங்கிய குடா. முழங்கால் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். 2004 டிசம்பர் 26 இல் கடல் இந்தக் கரையையும் அழித்தது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் இங்கு ஹோட்டல்கள் எழுந்தன.

என்னோடு வந்த பெரியம்மா இடம்பெயர்ந்து மீளக் குடியேறியவர். கரையில் இருந்தபடி கேட்டார்: "பிள்ளை, எங்கட காணிப் பெமிட்டில கோறளைப்பற்று எண்டு கிடக்கு. கந்தோரில கோறளைப்பற்று தெற்கு எண்டு சொல்லுறாங்க. அது வேற இடமோ?"

"ஊர் அதுதான் பெரியம்மா. பற்றைத்தான் பிரிச்சிருக்காங்க" என்றேன்.

பற்று என்பது மட்டக்களப்புத் தேசத்தின் பழைய நிர்வாகப் பிரிவு. கோறளை, ஏறாவூர், மண்முனை, போரதீவு, எருவில் என்று பற்றுகள் இருந்தன. அக்கரைப்பற்று, சம்மாந்துறைப்பற்று முதலியவை 1961 இல் அம்பாறை மாவட்டத்தோடு சேர்ந்தன. மண்முனையை உலகநாச்சி என்ற பெண் அரசனிடம் பெற்று ஆட்களைக் குடியேற்றினாள் என்று மட்டக்களப்பு மான்மியம் கூறுகிறது.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு பிரிவு இருந்தது. பல மாகாணங்கள் "நூறு" என்று பெயர் கொண்ட பகுதிகளாகப் பிரிந்திருந்தன. ஒரு மரத்தடியிலோ ஆற்றுத் துறையிலோ ஊரார் கூடி வழக்குத் தீர்ப்பார்கள். பல பகுதிகளுக்கு அந்த இடத்தின் பெயரே நிலைத்தது. 1086 இல் அரசன் எடுத்த காணிக் கணக்கிலும் பல மாகாணங்களின் நிலங்கள் இந்தப் பிரிவுகளின்படியே பதியப்பட்டன. அங்கே அந்த "நூறு"களுக்கு இன்று வேலை இல்லை. இங்கே பற்றுகள் பிரதேச செயலகங்களின் பெயர்ப்பலகையில் வாழ்கின்றன.

மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்று 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. கோறளைப்பற்று மட்டும் ஐந்தாகியுள்ளது: வாழைச்சேனையில் கோறளைப்பற்று, வாகரையில் வடக்கு, கிரானில் தெற்கு, ஓட்டமாவடியில் மேற்கு, இவற்றோடு மத்தி. பாசிக்குடா வாழைச்சேனைப் பிரிவைச் சேர்ந்தது.

சகோதரிகளே, பழைய உறுதியிலோ பெமிட்டிலோ பற்றின் பெயர் வேறாக இருந்தால் பயப்படாதீர்கள். அந்தத் தாளை எறிந்துவிடவும் வேண்டாம். உங்கள் ஊர் இன்று எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு, அந்தப் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

பெரியம்மா பெமிட்டை மடித்துப் பையில் வைத்தார். "அப்ப என்ர காணி என்ர காணிதான்" என்றார்.