முதுகில் மூட்டை, கையில் கயிறு

டெக்னோபார்க் வேலைக்கென நெல்லையிலிருந்து கழக்கூட்டத்தில் குடியேறியவரா நீங்கள்? உங்கள் தாமிரபரணி பிறக்கும் மலைத்தொடருக்கு இப்பக்கமிருந்தும் நடந்து ஏறலாம். 1868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு, ஜனவரி நடுவில் தொடங்கிச் சில வாரங்கள் கேரள வனத்துறை அனுமதி வழங்குகிறது. சகோதரிகளும் செல்லலாம், 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் தடையை நீக்கியபின், 2019 ஜனவரியில் தன்யா சனல் முதலாவதாகச் சிகரம் ஏறினார்.

போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம்வரை ஏறக்குறைய ஒரு பகல் நடை. யானைகள் உலவும் காடாதலால் வழிகாட்டியைப் பிரியலாகாது. இரவு அங்கே தங்கி, மறுநாள் சிகரம்.

அப்போது பெரிய மூட்டையை முகாமிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீரும் சிறிது உணவும் போதும். ஏனெனில் உச்சிக்கருகே பாதை முடிந்து பாறை தொடங்குகிறது. கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்தே ஏறவேண்டும். முதுகில் கனமிருந்தால் அது உங்களைப் பின்னுக்கு இழுக்கும். கயிற்றில் தொங்காதீர்கள், பாதத்தை அழுந்தப் பதித்துக் கால்களால் ஏறுங்கள். செங்குத்தான இடத்தில் இறங்குகையில் முகம் பாறையை நோக்கியிருக்கட்டும். (ஏறுவதைவிட இறங்குவதே கடினம், பலர் இதை மேலே போனபின்தான் உணருகிறார்கள்.)

மழையில் பாறை வழுக்கினால், சிகரம் கண்ணெதிரே நின்றாலும் திரும்பிவிடுங்கள். கசக்கும்தான். ஆனால் அங்கே கால் முறிந்தால், நீங்கள் நடந்துவந்த அத்தனை தூரமும் பிறர் உங்களைச் சுமந்தே இறக்கவேண்டும்.