பலகைக்குப் பின்னால் இருக்கும் தெரு

ஆனி பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று மாறும். காற்றாலைத் துறையினர் தமிழ்நாட்டுக்கு நான்கு கணவாய்களைச் சொல்வார்கள்: பாலக்காடு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம். மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்றை நம்பித்தான் தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்றுக்குப் பயந்துதான் வாழை போட்டவர்கள் மரத்துக்கு மரம் முட்டுக் கொடுக்கிறார்கள். நாங்கள் ஆறேழு வருடமாகப் போய்வரும் ஒரு காலனியில், ஆனி ஆடி இரண்டு மாதமும் பெண்கள் ராத்திரியில் ஒரு சத்தத்தைக் கேட்டபடியே படுத்திருப்பார்கள். பிளக்ஸ் படபடவென்று அடிக்கிற சத்தம். அதற்குக் கீழே இரும்பு முனகுகிற சத்தம்.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. அங்கிருப்பவர்கள் நாளைக்கும் அந்த நிலத்துக்காரரிடம்தான் கூலிக்குப் போக வேண்டும். குமுளிச் சாலை, அதாவது இப்போதைய 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அதை ஒட்டிய அருந்ததியர் குடியிருப்பு என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம். சாலை ஓரத்தில் ஊர்க்காரர் ஒருவரின் பட்டா நிலம் ஒரு துண்டு. அதில் நான்கு இரும்புக் கால்களில் பெரிய விளம்பரப் பலகை. நிலத்துக்கும் எங்கள் மக்களின் முதல் வரிசை வீடுகளுக்கும் இடையே இருப்பது ஒரு சாக்கடை.

சாலையில் போகிறவர்களுக்கு அதில் ஒரு மணப்பெண் தெரிவாள். கழுத்து நிறைய நகை, வருடத்துக்கு ஒரு புதுப்பெண். காலனிக்காரர்களுக்குத் தெரிவது அவளுடைய முதுகுகூட இல்லை. துருப்பிடித்த சட்டங்களும் இழுத்துக் கட்டிய கயிறும்தான். ராத்திரி பதினொரு மணி வரை முன்பக்கம் விளக்கு எரியும். அதன் ஒளி கசிந்து பின்னால் இருக்கும் குளியல் தட்டிகள் மேல் விழும். கழிப்பறை இல்லாத வீடுகளின் பெண்கள் இருட்டை நம்பித்தான் குளிக்கிறார்கள், வெளியே போகிறார்கள். இருட்டு அங்கே ஒரு வசதி. அதை எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் விளக்கு போட்டது தப்பா என்று கேட்பவர்கள் உண்டு. எங்களிடமே கேட்டிருக்கிறார்கள்.

"மேல விழுந்தா கூரையோட போயிரும் தாயி. பிள்ளைகள அங்கிட்டுக் கொண்டு போய்ப் படுக்க வச்சுட்டு நாங்க இங்கிட்டுக் கெடக்கோம்" என்றார் முதல் வீட்டுப் பாட்டி. இதைக் கேட்ட அடுத்த திங்கள்கிழமை, குறைதீர் நாளில் மனு கொடுத்தோம்.

மனுவை வாங்கியவர் கோபப்படவில்லை. மரியாதையாகவே பேசினார். விதிகளை எடுத்துக் காட்டினார். தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2003-ல் வந்த விளம்பரப் பலகை உரிம விதிகள் அவை. எங்கே பலகை வைக்கக் கூடாது என்று ஒரு வரிசை இருக்கிறது: கல்வி நிலையங்களின் முன், மக்கள் கூடும் வழிபாட்டுத் தலங்களின் முன், உள்நோயாளிகள் இருக்கும் மருத்துவமனைகளின் முன், சாலை முனைகளில், சந்திப்புகளில், வரலாற்று முக்கியத்துவமும் அழகும் உள்ள இடங்களின் முன். வீடு அந்த வரிசையில் இல்லை. "லிஸ்ட்ல வீடு இல்லீங்களேம்மா. பட்டா நிலம், உரிமம் வாங்கியிருக்காங்க. நான் என்ன செய்ய?" என்றார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அந்த 'முன்' என்ற சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். சட்டம் பலகையைச் சாலையில் நின்று பார்க்கிறது. ஓட்டுநரின் கவனம் சிதறுமா, சந்திப்பில் பார்வை மறையுமா என்பதே அதன் கவலை. விளம்பர நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைச் செல்லும் என்று சொன்னபோதும் பேச்சின் மையத்தில் இருந்தது போக்குவரத்துப் பாதுகாப்புதான். தவறென்று சொல்லவில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்தாரே சுபஸ்ரீ, அவர் சாலையில் போனவர். சாலையில் போகிறவரைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் பலகைக்குப் பின்னால் யாராவது குடியிருக்கலாம் என்று விதி எழுதியவர் நினைத்தே பார்க்கவில்லை. எங்கள் பகுதியில் பின்னால் யார் குடியிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இதையே மதுக்கடை விஷயத்திலும் பார்த்தோம். 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, மது கிடைக்கும் என்று காட்டும் விளம்பரமோ அறிவிப்புப் பலகையோ நெடுஞ்சாலையில் இருக்கக் கூடாது என்றது. நல்ல தீர்ப்பு, ஓட்டுநரைக் காக்க வந்தது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. சாலையில் மூடிய கடைகளுக்கு உள்ளே இடம் தேடினார்கள், குடியிருப்புகளுக்குள். அந்தக் கோடையில் தமிழ்நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தது அதனால்தான். டாஸ்மாக் விதியும் கோயிலுக்கும் பள்ளிக்கும்தான் தூரம் சொல்கிறது: நகராட்சி, மாநகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர். அதுவும் திட்டக் குழுமம் வணிகப் பகுதி, தொழில் பகுதி என்று வரைபடத்தில் குறித்துவிட்டால் பொருந்தாது. அந்த வரிசையிலும் வீடு வராது.

விலக்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நகராட்சிச் சட்டங்களில் நெடுங்காலமாக ஒரு விலக்கு இருந்தது. ஒருவர் தன் கடையில், தன் கட்டடத்தில் நடக்கும் தொழிலைப் பற்றித் தன் இடத்திலேயே பலகை வைத்துக்கொண்டால் அதற்கு விளம்பர வரி இல்லை என்றிருந்தது. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. சொந்தக் கடை, சொந்தப் பெயர்ப் பலகை. சாதி எங்கே வருகிறது இதில்?

சாலை முகப்பில் வருகிறது. காலனியில் ஒரு தங்கை தையல் கடை வைத்திருக்கிறாள். வீட்டின் முன் அறைதான் கடை. நன்றாகத் தைப்பாள், ஆரி வேலையும் தெரியும். அவள் தன் 'சொந்த இடத்தில்' பலகை வைத்தால் அதைப் பார்க்கப்போவது பக்கத்து வீட்டு ஆடுகள்தான். சாலையை ஒட்டிய மனைகள் எல்லாம் ஊர்க்காரர்களுடையவை. காலனி என்பதே ஊருக்கும் சாலைக்கும் ஒதுக்கி உள்ளே தள்ளி வைக்கப்பட்ட இடம். முகப்பு இருப்பவருக்குத்தான் அந்த விலக்கு உதவியது. முகப்பு இல்லாமல் வைக்கப்பட்டவர்கள் தெருமுனையில் ஒரு பலகை நட்டால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு.

தெருமுனையில் நட்டாள். இரண்டடிக்கு மூன்றடி தகரம். பெயர், தொலைபேசி எண், கீழே முகவரி. முகவரியில் அம்பேத்கர் தெரு என்று இருந்தது. இரண்டு மாதம் கழித்து நாங்கள் போனபோது அந்த வரிக்கு மேல் மட்டும் பச்சைப் பெயின்ட். "போன்ல கேக்குறாங்கக்கா, தெருப் பேரச் சொன்னதும் வச்சிர்றாங்க" என்றாள். நாங்கள் அவளிடம் வாதாடவில்லை. எங்களில் ஒருவர் மட்டும் வெளியே வந்து கொஞ்ச நேரம் சாக்கடைப் பாலத்தில் உட்கார்ந்திருந்தார்.

சுபஸ்ரீ இறந்த பிறகு மாநிலம் முழுவதும் பேனர்களை அகற்றினார்களே, அப்போது இங்கேயும் ஒரு வண்டி வந்தது. அனுமதி இல்லாதவை எல்லாம் இறங்க வேண்டும். வயல்காரரின் பலகைக்கு உரிமம் இருந்தது, இறங்கவில்லை. தையல் பலகைக்கு என்ன உரிமம்? பிடுங்கினார்கள். பிடுங்கியவர்கள் தூய்மைப் பணியாளர்கள், அதே காலனிக்காரர்கள். ஒருவர் அவளுக்குச் சித்தப்பா முறை. மேலிருந்து உத்தரவு, அவர் என்ன செய்வார்? சாயங்காலம் குப்பை வண்டியிலேயே அந்தத் தகரத்தைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் சாத்தி வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போயிருக்கிறார்.

பலகை ஏற்றுகிறவர்களும் இறக்குகிறவர்களும் யார் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. 2023 ஜூன் முதல் தேதி கோவை கருமத்தம்பட்டி அருகே ராட்சதப் பலகை அமைக்கும்போது சாய்ந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த வருடம் மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் நிலையத்தின் மேல் விழுந்த பலகை 17 பேரைக் கொன்றது. 120 அடிக்கு 120 அடி. அங்கே அனுமதிக்கப்பட்டது 40-க்கு 40. ரயில்வே போலீஸ் நிலம், மாநகராட்சி அனுமதி வேண்டியதில்லை என்று சொல்லியே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதுவும் ஒரு விலக்குதான். அதைப் படித்த வாரம் காலனிக்குப் போனபோது பாட்டி எங்களிடம் கைப்பேசியில் அந்த வீடியோவைக் காட்டினார். பேரன் அனுப்பியது. நாங்கள் என்ன சொல்வது?

இரண்டாவது மனுவில் வீடு என்று எழுதாமல், காற்று என்று எழுதினோம். கட்டமைப்பு உறுதியாக இருக்கிறதா என்று பொறியாளர் வந்து சான்றளிக்க வேண்டும் என்று கேட்டோம். இதற்கு ஒருவர் வந்தார். சாலையில் வண்டியை நிறுத்தி, முன்பக்கமாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். பின்னால் வந்து பாருங்கள் சார் என்று கூப்பிட்டோம். சாக்கடையைப் பார்த்தார், அங்கிருந்தே கையை ஆட்டினார். (கடைப் பலகையில் தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று பங்கு, மற்ற மொழி இரண்டு பங்கு இருக்கிறதா என்று அளக்க மட்டும் பஜாருக்குள் டேப் எடுத்து வருவார்கள். தமிழ் வாழட்டும். சாக்கடைக்கும் ஒரு டேப் நீளலாம்.)

போன ஆடியில் பிளக்ஸ் பாதியாகக் கிழிந்தது. ஒரு முழு ராத்திரி அடித்துக்கொண்டு கிடந்து, விடியும்போது மணப்பெண் சாக்கடையில் விழுந்தாள். சட்டம் நின்றுவிட்டது. காலையில் பெண்கள் அவளைக் கழுவி, வெட்டிப் பங்கிட்டார்கள். பிளக்ஸ் நல்ல கனமான பொருள், மழைக்கு ஒழுகாது. இப்போது ஒரு குளியல் தட்டியில் ஒரு கண்ணும் நெற்றிச்சுட்டியும் இருக்கின்றன. பாட்டி வீட்டுக் கூரையில் சேதாரம் எவ்வளவு சதவீதம் என்ற எழுத்து இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் புதுப் பெண்ணை ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாவது மனுவுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். 1998-ஆம் வருடத்து நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் 2023-ல்தான் நடைமுறைக்கு வந்தது, விதிகளையும் புதிதாக எழுதியிருக்கிறார்கள். அதன்படி என்ன கேட்க முடியும் என்று ஒரு வழக்கறிஞர் தோழர் பார்த்துத் தருகிறார். கையெழுத்து வாங்கக் காலனிக்குப் போனோம். இருபத்தேழு வீட்டில் வாங்கினோம். தையல் தங்கை மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அக்கா, எம் போர்டு இப்ப எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ராட்சதப் பலகையின் இரும்புக் காலில், சாலையைப் பார்த்து, அந்த இரண்டுக்கு மூன்று தகரம் கம்பியால் கட்டியிருந்தது. பட்டா நிலம் என்பதால் யாரும் பிடுங்க மாட்டார்கள். நிலத்துக்காரருக்கு மாதம் இருநூறு ரூபாய் கொடுக்கிறாள். ஊர்த்தெருவிலிருந்து கல்யாண ரவிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. முகவரி இடத்தில் 'நகைக்கடை போர்டு பின்புறம்' என்று எழுதியிருந்தாள்.

"பாட்டி சொல்றது நெசந்தான். எனக்கும் ராத்திரி தூக்கம் வரல. ஆனா இத எடுத்துட்டா நான் எங்கக்கா கட்டுவேன்?" என்றாள். எங்களிடம் பதில் இல்லை. மனுவில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவர் சொன்னார்: தெருமுனையில் காலனிக் கடைகளுக்கென்று ஒரு பொதுப் பலகை, உள்ளாட்சியே வைத்துத் தர வேண்டும், அதில் தெருவின் பெயர் முழுதாக இருக்க வேண்டும். தங்கை சிரித்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "அது வரட்டுங்கக்கா, அன்னைக்குப் போடுறேன்."