மென்பொருள் நிறுவனத்தின் பங்கும் ஹஜ் பணமும்



எங்கள் மகன் சென்னையில் மென்பொருள் எழுதும் பணியில் இருக்கிறான். மூன்றாண்டுகளாக ஊதியத்தில் மிச்சம் பிடித்து ஆறு இலட்சம் ரூபாய் சேர்த்திருந்தான். பெற்றோராகிய எங்களை ஹஜ்ஜுக்கு அனுப்ப வேண்டும் என்பதே அவனது நிய்யத். 2024ஆம் ஆண்டின் நடுவில், அத்தொகையைக் கொண்டு கிட்லேப் என்னும் நிறுவனத்தின் பங்குகளை வாங்கலாமா என்று எங்களிடம் ஆலோசனை கேட்டான். "நான் நாள்தோறும் கையாளும் கருவி அத்தா. மதுவும் இல்லை, சூதும் இல்லை. இதில் என்ன தடை இருக்க முடியும்?" என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்வி. ஆதலால் மூவரும் அமர்ந்து ஆராய்ந்தோம்.

முதலில் தொழிலைப் பார்த்தோம். ஒரே மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதும்போது, யார் எதை மாற்றினார் என்பதைப் பதிந்து வைத்து, சோதித்து, வெளியிட உதவும் கருவி இது. 2011இல் உக்ரைன் நாட்டின் திமித்ரோ சப்போரோஷெத்ஸ் என்பவர் திறமூலத் திட்டமாகத் தொடங்கியது. இன்றும் அடிப்படைப் பதிப்பு இலவசம். கூடுதல் வசதிகளுக்கு ஆள் கணக்கில் சந்தா பெறுகிறார்கள். வட்டி வங்கிகளும் இக்கருவியை வாங்குகின்றனவே என்று எங்களுள் ஒருவர் கேட்டார். கத்தி விற்பவர் நிலைதான் இது. பொதுப் பயனுக்கான கருவியை விற்பதில் குற்றமில்லை என்று உள்ளம் அமைதி பெற்றது.

அடுத்துக் கணக்கேட்டைத் திறந்தோம். பஹ்ரைனிலிருந்து இயங்கும் அயோஃபி அமைப்பின் 21ஆம் ஷரீஅத் தரநிலை, பங்கு வாங்குவோருக்கு மூன்று வரம்புகளை விதிக்கிறது. வட்டிக் கடன் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வட்டிக்கு இட்ட வைப்புத் தொகையும் அவ்வாறே. ஆகாத வழியில் வரும் வருவாய், மொத்த வருவாயில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பங்குச் சந்தையே வேண்டாம் என்று கூறும் அறிஞர்களும் உளர். எனினும் வாங்குவதாயின் இவ்வளவேனும் பார்க்க வேண்டும் என்று கருதினோம்.

முதல் இரண்டிலும் தடையில்லை. மூன்றாவதில்தான் நின்றுவிட்டோம்.

இந்நிறுவனம் 2021 அக்டோபரில் நாஸ்டாக் சந்தையில் பங்கு வெளியிட்டுப் பெரும் பணம் திரட்டியது. 2024 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அதன் விற்பனை வருவாய் ஏறத்தாழ 58 கோடி டாலர். கையிருப்போ ஏறத்தாழ 100 கோடி டாலர். அக்கையிருப்பு சும்மா இருப்பதில்லை. பெரும்பகுதி வட்டி தரும் பத்திரங்களிலும் வைப்புகளிலும் இருக்கிறது. வட்டியை நூற்றுக்கு நான்கு என்று குறைத்தே வைத்தாலும் 4 கோடி டாலர் ஆகிறது. மொத்த வருவாயில் இது 6 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

வியப்பு என்னவெனில், பங்கு வெளியிட்ட ஆண்டில் இச்சிக்கல் இல்லை. அப்போது அமெரிக்காவின் மைய வங்கி விகிதம் பூச்சியத்தை ஒட்டி இருந்தது. அதே அளவுப் பணம் சொற்ப வட்டியே ஈட்டியது. 2023 ஜூலைக்குள் அவ்விகிதம் 5.25 முதல் 5.50 விழுக்காடு வரை உயர்ந்தது. தொழில் மாறவில்லை, கருவி மாறவில்லை. வட்டி விகிதம் மாறியதால் வரம்பு மீறப்பட்டது. ஹலால் என்று ஒருமுறை கேட்டறிந்த பங்கு, மறு ஆண்டும் அவ்வாறே இருக்கும் என்று எண்ண இயலாது என்பதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

"வட்டியின் பங்கைக் கணக்கிட்டுத் தருமமாகக் கொடுத்துத் தூய்மைப்படுத்தலாமே" என்றான் மகன். வரம்புக்குள் நிற்கும் பங்கில் கலந்துவிடும் சிறு அளவுக்கே அவ்வழி சொல்லப்பட்டிருக்கிறது. வரம்பு மீறியது தெரிந்த பின்பும் வாங்குவதற்கு அது அனுமதிச் சீட்டன்று.

உலகியல் கணக்கும் எங்களைத் தயங்கச் செய்தது. 77 டாலருக்கு வெளியான பங்கு, 2023இல் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. மேற்சொன்ன நிதியாண்டிலும் நிறுவனம் நட்டத்திலேயே இருந்தது. ஆள் கணக்கில் சந்தா பெறும் தொழிலுக்கு, செயற்கை நுண்ணறிவால் மென்பொருள் எழுதுவோர் எண்ணிக்கை குறைந்தால் என்னாகும் என்பதும் கேள்விக்குறியே. பத்தாண்டு பொறுக்கக்கூடிய பணத்துக்கு இவ்வேற்ற இறக்கம் தாங்கும். வயது அறுபதைத் தாண்டிய இருவரின் ஹஜ் பயணத்துக்குத் தாங்காது.

முடிவில் பங்கு வாங்கவில்லை. தொகை வட்டியில்லா நடப்புக் கணக்கில் இருக்கிறது. விலைவாசி அதைச் சிறிது அரிக்கும் என்பதை அறிவோம். இவ்வாண்டு அவ்வளவு போதாது. இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். மகனுக்கு அது வருத்தமே. ஆயினும் இஹ்ராம் அணியும்போது ஐயமின்றி அணிவோம் என்ற நிம்மதி எங்களுக்கு உண்டு.

உங்கள் பிள்ளைகளும் இத்தகைய யோசனையுடன் வரக்கூடும். கடிந்து மறுக்காதீர்கள். ஆண்டறிக்கையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிறுவனம் என்ன விற்கிறது என்பதோடு, அதன் பணம் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்ந்து பாருங்கள். விளங்காததை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆண்டுதோறும் மீண்டும் பாருங்கள்.

நம் அனைவரின் ரிஸ்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அவனே மிக அறிந்தவன்.