அத்தோ: பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த சுவை

அடையாற்றில் இருந்துகொண்டு தாய்லாந்துத் தெருவுணவின் புளிப்பையும் காரத்தையும் மலிவாகத் தேடுபவர்களுக்கு மிக நெருங்கிய விடை, கஸ்தூர்பா நகரில் பறக்கும் ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் கிடைக்கும் அத்தோதான். பிசைந்து கலப்பதைக் குறிக்கும் பர்மியச் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர், 1962-இல் ஏற்பட்ட ராணுவ ஆட்சி கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியதால் பிழைப்பை இழந்து திரும்பிய பர்மாத் தமிழர்களோடு சென்னைக்கு வந்தது.

வேகவைத்த நூடுல்ஸில் மெல்லிதாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், வறுத்த மிளகாய்த்தூள், பூண்டு மணக்கும் எண்ணெய் ஆகியவற்றை இட்டு, ‘பேஜோ’ எனப்படும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவி, விற்பவர் கையாலேயே பிசைந்து தர, பக்கத்து அடுப்பில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கிறது. தாய்லாந்தின் பாத் தாய் நூடுல்ஸ் வாணலியில் புரட்டப்படுவது, அத்தோவோ பிசைந்தபின் அடுப்பேறாதது. ஆயினும் இரண்டையும் தூக்கி நிறுத்துவது புளியே என்பதால், தமிழ் நாக்கு இதை அந்நியமாகக் கருதவில்லை. கடற்கரை நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரின் வெளிநாட்டுச் சரக்குகளைப் பற்றிப் பேசிய அளவுக்கு, இந்த உணவைக் காத்துவந்த குடும்பங்களைப் பற்றிச் சென்னை பேசாதது பெருங்குறையே.

பார்சல் வாங்கினால் சூப்பையும் பேஜோவையும் தனித்தனியே கட்டித் தரச் சொல்லி, உண்ணும் நேரத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியிலேயே கலந்தால் பேஜோ நமத்துவிடும்.