அவர் சார்பில் பேசுமுன்

டெல்லி சாணக்யபுரியில் குடியிருப்பவர்களுக்குத் தூதர் என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. சாந்தி பத் சாலையின் இருபுறமும் வரிசையாகக் கொடிகள் பறக்கின்றன. ஒவ்வொரு கொடியின் கீழும் தன் நாட்டுக்காகப் பேச ஒருவர் இருக்கிறார். அவருக்கும் சொந்தக் கருத்து உண்டு. தன் அரசு எடுத்த முடிவு சரியில்லை என்றுகூட அவருக்குத் தோன்றலாம். அதைத் தலைநகருக்கு எழுதிச் சொல்லலாம், வாதாடலாம். ஆனால் வெளியே வந்து பேசும்போது அவர் சொல்ல வேண்டியது தன் நாட்டின் விருப்பத்தைத்தான்.

மனநல மருத்துவமனைகளில் சமூகப் பணியாளனாக இருந்து ஓய்வு பெற்று, மகளோடு வினய் மார்க் பக்கம் வந்து சேர்ந்தவன் நான். உளவியல், செவிலியம், சமூகப் பணி படிக்கும் இளையவர்கள் அவ்வப்போது பேச வருவார்கள். "மீட்சி சார்ந்த பராமரிப்பு என்று பாடத்தில் இருக்கிறது சார். வார்டில் அதை எப்படிச் செய்வது?" என்று கேட்பார்கள். நல்ல தூதராகப் பழகுங்கள் என்பேன். சிரிப்பார்கள். அதன் கஷ்டம் புரிய அவர்களுக்குச் சில வருடங்கள் ஆகும்.

மீட்சி என்றால் நோய்க்குறிகள் எல்லாம் ஓடி மறைவது என்று பலர் நினைக்கிறார்கள். காதில் குரல் கேட்பது முழுவதும் நிற்காமல் இருக்கலாம், மாத்திரை தொடரலாம். அப்படியிருந்தும் ஒருவருக்கு ஒரு வேலை, நாலு நண்பர்கள், தன் கையில் வீட்டுச் சாவி, நாளைக்கு என்ன செய்வது என்று தானே எடுக்கும் முடிவு இவையெல்லாம் அமையலாம். அதற்குப் பெயர்தான் மீட்சி. 1980களில் அமெரிக்காவில் இதை உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் பட்ரீசியா டீகன். பதின்ம வயதிலேயே மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்பட்டு, பின்னாளில் உளவியலாளர் ஆனவர்.

ஆனால் இதை மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று ஒதுக்க முடியாது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வீட்டார் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள், கற்றுக்கொண்டார்கள், கையோடு ஊருக்கு அழைத்துப் போனார்கள். வேலூர் சி.எம்.சி.யும் குடும்பத்தாரை உடன் தங்க வைக்கும் முறையைத் தன் வழக்கமாக்கிக்கொண்டது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்தி ஓய்வு பெற்ற டாக்டர் சாரதா மேனன், 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். மருந்தோடு வேலைப் பயிற்சியும் மறுவாழ்வும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை. 'பான்யன்' அமைப்பு 2015இல் இன்னும் ஒரு படி போனது. ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் முடங்கியவர்களை, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில், நாலைந்து பேராகச் சேர்ந்து குடியிருக்க வைத்தது. வள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தின் நான்கு பகுதிகளைச் சொல்லும்போது, நோயுற்றவரைத்தான் முதலில் வைக்கிறார்.

சட்டமும் மெல்ல அங்கே வந்து நிற்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலி கூடாது என்கிறது. அதே சட்டம், நாளை நான் நிதானமிழந்தால் எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையைத் தருகிறது. எனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை நானே நியமிக்கலாம். அந்தப் பிரதிநிதி என் விருப்பத்தையும் என் வாழ்க்கை வரலாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் சொன்ன தூதர் இவர்தான். நான்காம் பிரிவில் இன்னொரு வரி உண்டு. பயிற்சிக்கு வருபவர்கள் அதை மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருவர் தன் சிகிச்சை பற்றி எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது.

வார்டில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. மாத்திரை வேண்டும் என்பவருக்கு 'இன்சைட்', அதாவது தன் நோயைப் பற்றிய தெளிவு, இருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். வேண்டாம் என்பவருக்கு இல்லை என்போம். வேண்டாம் என்பதற்கு அவரிடம் காரணம் இருக்கும்: உடம்பு பருக்கிறது, காலையில் எழ முடியவில்லை, கை நடுங்குகிறது. அந்தக் காரணத்தைக் கேட்டால் மருந்தையோ அளவையோ மாற்றலாம். கேட்காவிட்டால் அவர் மாத்திரையை ஜன்னல் வழியே எறிவார், அவ்வளவுதான்.

தெற்கு டெல்லியில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம். மகனுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. நோய் அடங்கியிருந்தது. மெட்ரோவில் தனியாகப் போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்க ஆசைப்பட்டான். அம்மா பயந்தார். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்பா" என்பதே வருடக்கணக்கில் பதிலாக இருந்தது. அவன் ஏ.டி.எம். கார்டு அண்ணனிடம், போன் அம்மாவிடம். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. புதிதாகப் பயிற்சி முடித்த ஒரு சமூகப் பணியாளர், சின்னப் பெண், இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள். அவனுடைய பயம் என்ன, அம்மாவின் பயம் என்ன என்று தனித்தனியே கேட்டாள். கூட்டம் குறைந்த நேரத்தில் புறப்படுவது, குரல்கள் பலமானால் யாரைக் கூப்பிடுவது, அம்மா ஒரு நாளைக்கு ஒருமுறைதான் போன் செய்வது என்று மூவரும் முடிவு செய்தார்கள். அவன் வேலைக்குப் போனான். சில மாதத்தில் முதலாளியோடு ஒத்துவராமல் விட்டுவிட்டான். வீட்டில் அழுதார்கள். அந்தப் பெண் சொன்னாளாம்: "ஆன்ட்டி, வேலை பிடிக்காம விடறது நோய் இல்லை. என் அண்ணனும் இந்த வருஷம் விட்டுட்டான்." பிறகு அவனே வேறு வேலை தேடிக்கொண்டான். தோற்கவும் இடம் கொடுத்தால்தான் அது அவன் வாழ்க்கை.

அந்தப் பெண்ணுக்கு இந்தப் பக்குவம் புத்தகத்திலிருந்து மட்டும் வந்திருக்காது. டீகன் உருவாக்கிய ஒரு பயிற்சி இருக்கிறது. காதில் ஹெட்போன் மாட்டி, திட்டும் மிரட்டும் குரல்களை ஓட விட்டு, படிக்கச் சொல்வார்கள், மருத்துவரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்வார்கள், வெளியே போய்வரச் சொல்வார்கள். 'ஒத்துழைக்க மறுக்கிறார்' என்று எழுதும் கை அதன்பிறகு கொஞ்சம் தயங்கும். குஜராத்தில் ஆறு அரசு மனநல சேவை நிலையங்களில் உலக சுகாதார நிறுவனத்தின் 'குவாலிட்டி ரைட்ஸ்' திட்டம் நடந்தது. ஊழியர்களுக்கு உரிமை பற்றிய பயிற்சி, நோயிலிருந்து மீண்டவர்களும் குடும்பத்தாரும் துணை நிற்கும் குழுக்கள் எல்லாம் அதில் இருந்தன. ஊழியர்களின் மனப்பான்மை மாறியது, சிகிச்சைக்கு வந்தவர்களின் திருப்தியும் கூடியது. நோயை அனுபவித்தவர் வகுப்பில் ஆசிரியராக நிற்பதுதான் இந்த மாதிரிப் பயிற்சிக்கு உயிர். அவரை ஒரு மணி நேரம் 'அனுபவம் பகிர' அழைத்து, சால்வை போர்த்தி அனுப்பினால் போதாது.

எல்லா நேரமும் கையை எடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்தென்றால் பிடித்துத்தான் நிறுத்த வேண்டும். சட்டமும் அப்படிப்பட்ட வேளையில், நிபந்தனைகளோடு, கால வரம்போடு, சேர்க்கைக்கு வழி வைத்திருக்கிறது. அந்த ஆபத்து கழிந்த பிறகும் பிடியைத் தளர்த்தாமல் இருப்பதுதான் நம் வழக்கமான குற்றம். பிடிப்பதற்குப் பலமிருந்தால் போதும். விடுவதற்குப் பயிற்சி வேண்டும்.

இந்த வயதில் எனக்கு இது வேறு விதமாகவும் விளங்குகிறது. டாக்டரிடம் போனால், அவர் என்னைப் பார்க்காமல் மகளிடம் கேட்கிறார்: "ராத்திரி தூங்குகிறாரா?" அவளும் பதில் சொல்கிறாள். சரியான பதில்தான். ஆனாலும் உள்ளே ஏதோ சுருங்குகிறது. நோயாளிகள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பதில் ஒரு துளியை முதுமை எல்லோருக்கும் ஊட்டிவிடுகிறது.

ஆகவே பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். திங்கட்கிழமை வார்டுக்குள் நுழைந்ததும் கூட வந்தவரிடம் பேச்சைத் தொடங்காதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளியின் எதிரே உட்காருங்கள். "மாத்திரை போட்டீர்களா?" என்பதற்கு முன் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். பலரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு வருடங்கள் ஆகியிருக்கும். வரும்வரை காத்திருந்து, வந்த பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். சிகிச்சைத் திட்டம் அந்த வரியிலிருந்து தொடங்கட்டும்.